ஆறு வண்டி, அறுபது சண்டை

1908ஆம் வருடம் பிப்ரவரி மாதம் சில பேர் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் காரில் கிளம்பினார்கள். நடுவில் அட்லாண்டிக் கடல் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது இருப்பதால்தான் அவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பாரிசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குக் காசி வழியாகப் போகிற மாதிரி. அமெரிக்காவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தாண்டுவது, அலாஸ்காவுக்கு ஏறுவது, உறைந்து கிடக்கும் பேரிங் நீரிணைமேல் காரை ஓட்டிக்கொண்டு போய் சைபீரியாவில் இறங்குவது, அப்புறம் மாஸ்கோ, பெர்லின், பாரிஸ். முடிந்தது விஷயம்.

இந்த யோசனை பாரிசில் ‘லெ மத்தான்’ என்ற நாளிதழின் ஆபீசில் பிறந்தது. பிறக்கும்போது அறை கதகதப்பாக இருந்திருக்க வேண்டும். முந்தின வருடம்தான் அவர்கள் பீக்கிங்கிலிருந்து பாரிசுக்கு ஒரு கார்ப் பந்தயம் நடத்தியிருந்தார்கள். பேப்பர் நன்றாக விற்றது. விற்ற சரக்கை இன்னும் பெரிய பொட்டலமாகக் கட்டி மறுபடி விற்பது பத்திரிகை தர்மம். ‘நியூயார்க் டைம்ஸ்’ பங்காளியாகச் சேர்ந்துகொண்டது.

பேரிங் நீரிணை குறுகலான இடத்தில் சுமார் 85 கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் அரை விரற்கடைகூட இல்லை. குளிர்காலத்தில் அங்கே ஐஸ் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது தார் ரோடு மாதிரி சமர்த்தாகப் படுத்திருக்கிற ஐஸ் அல்ல. நீரோட்டம் இழுக்க இழுக்க உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நகர்ந்துகொண்டே இருக்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் உறைந்திருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்றுதான் பிப்ரவரியில் நாள் குறித்தார்கள். பிப்ரவரியில் நியூயார்க்கை விட்டவன் அலாஸ்காவைத் தொடும்போது வசந்தம் வந்துவிடுமே! ஆக, பனி இருக்கக் கூடாத ரோட்டிலெல்லாம் பனி இருக்கும். பனி இருந்தே தீர வேண்டிய கடலில் இருக்காது. பஞ்சாங்கத்தில் ராகுகாலம் எமகண்டம் எல்லாம் தேடிப் பிடித்துக் கிளம்பினால்கூட இவ்வளவு கச்சிதமாகத் தப்பான நாள் அமையாது.

ரோடு என்று மரியாதைக்குத்தான் சொன்னேன். அன்றைய அமெரிக்காவில் ஊரைத் தாண்டினால் இருந்தது வண்டித்தடம். 1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர் 50 டாலர் பந்தயத்துக்காக முதல்முதலில் அந்த நாட்டைக் காரில் குறுக்கே கடந்தார். கோடைகாலத்தில். அதற்கே 63 நாள். வழியில் பட் என்று ஒரு நாயை வாங்கிக்கொண்டார். புழுதியில் அதன் கண் கரிக்கவே, அதற்கும் ஒரு மோட்டார் கண்ணாடி மாட்டிவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு முன் சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் அந்த நாயின் போட்டோ இன்றைக்கும் கிடைக்கிறது. பார்த்தாலே தெரியும், நல்ல வழித்துணை. 1908 கோஷ்டியோ நாய்க்குப் பதில் ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

யார் யார் என்று பார்த்துவிடலாம்.

பிரான்சிலிருந்து மூன்று வண்டி. ஒன்று சிசேர்-நோதான், ஒரே சிலிண்டர் இன்ஜின் வைத்த சின்ன வண்டி. ஓட்டியவர் ஒகுஸ்த் போன்ஸ். இவர் முந்தின வருடம் பீக்கிங் பந்தயத்தில் மூன்று சக்கர வண்டியோடு போய், கோபி பாலைவனத்தில் சிக்கி, உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாகத் திரும்பி வந்தவர். அடுத்த வருடமே மறுபடி பெயர் கொடுத்துவிட்டார். இரண்டாவது வண்டி மோட்டோப்ளாக். ஓட்டியவர் ஷார்ல் கோடார். இவரும் பீக்கிங் கேஸ்தான். கைமாற்றாக வாங்கிய காரில், கைமாற்றாக வாங்கிய பணத்தில் ஆசியாவைக் கடந்து, ஊர் வந்து சேருவதற்குள் மோசடிப் புகாரில் போலீசிடம் மாட்டியவர். ஆள் கெட்டிக்காரர். அதுதான் பிரச்சினையே.

மூன்றாவது டி டியோன். அதில் வந்த சேன் ஷஃப்ரேதான் பந்தயத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். ஏற்பாட்டில் அவருக்கு முன் அனுபவமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் மத்தியதரைக் கடலில் ஒரு மோட்டார் படகுப் போட்டி நடத்தினார். கிட்டத்தட்ட எல்லாப் படகும் மூழ்கிப்போயின. அப்பேர்ப்பட்டவரிடம்தான் ஐஸ் கடலைத் தாண்டும் பொறுப்பு வந்து சேர்ந்தது. பனி விஷயத்துக்கு நிபுணர் வேண்டும் என்று அவர் ஹான்ஸ் ஹென்ட்ரிக் ஹான்சன் என்ற நார்வேக்காரரைக் கூட்டி வந்தார். வைக்கிங் கப்பலில் தன்னந்தனியாக வட துருவம் வரை போனவன் நான் என்று ஹான்சன் சொல்லிக்கொண்டார். தன்னந்தனியாகப் போனதால் சாட்சி கிடையாது.

இத்தாலியிலிருந்து சூஸ்ட் என்ற வண்டி. அதில் அன்டோனியோ ஸ்கார்ஃபோலியோ என்ற இளம் நிருபர்; நேப்பிள்ஸில் பத்திரிகை நடத்தும் அப்பாவின் பிள்ளை. அப்பா முதலில் மறுத்தாராம். ‘அப்படியானால் மோட்டார் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறேன்’ என்று பிள்ளை மிரட்ட, காரிலேயே போய்த் தொலை என்று விட்டுவிட்டாராம். ஜெர்மனியிலிருந்து புரோட்டோஸ், ராணுவ லெப்டினன்ட் ஹான்ஸ் கோப்பன் தலைமை, கூட இரண்டு இன்ஜினியர்கள்.

ஐந்து வண்டியும் வெளிநாடு. அமெரிக்கர்களுக்குக் கடைசி நேரத்தில் மானம் உறைத்தது. பஃபலோ நகரத்து தாமஸ் கம்பெனி, விற்பதற்காக வைத்திருந்த ‘தாமஸ் ஃப்ளையர்’ ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. நாலு சிலிண்டர், 60 குதிரைச் சக்தி. கூரை கிடையாது. முன் கண்ணாடி கிடையாது. ஓட்டப் போகிறவர் மான்டேக் ராபர்ட்ஸ், பந்தய வீரர், பெயர் பெற்றவர். கூடவே மெக்கானிக்காக ஜார்ஜ் ஷூஸ்டர். 35 வயது, அதே கம்பெனியின் ஆள். அவரைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாக எழுதவில்லை. ஸ்பேனர் பிடிக்கிறவனைப் பற்றி எழுதி என்ன பேப்பரா விற்கும்?

பிப்ரவரி 12. டைம்ஸ் சதுக்கத்தில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். காலை 11 மணிக்கு மேயர் வந்து துப்பாக்கியால் சுட்டுத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. மேயர் வரவில்லை. நமக்கு இது பழகிய காட்சி. மாலை மூன்று மணி வரை பாட்டுக் கச்சேரி வைத்து ஓட்டியிருப்போம். அவர்களுக்குக் கால் மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. ஆட்டோமொபைல் கிளப் பெரியவர் கோல்கேட் ஹாய்ட் தானே துப்பாக்கியை எடுத்து 11:15க்கு ஒரு வெடி போட்டார். ஆறு வண்டியும் நகர்ந்தன.

அன்று மாலைக்குள் ஐந்தாகிவிட்டது. சிசேர்-நோதான் 96 மைல் போனதும் டிஃபரன்ஷியல் உடைந்து உட்கார்ந்தது. போன்ஸின் இரண்டாவது உலகப் பயணமும் அதோடு சரி. அவருடைய சின்னப் பெண் லில்லி போன்ஸ் பின்னாளில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடிக் கொடிகட்டிப் பறந்தார். குடும்பத்துக்கும் நியூயார்க்குக்கும் இருந்த கணக்கை அந்தப் பெண் ஒருவாறு நேர் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பனி. நாம் ஏற்காட்டுக்கு மார்கழியில் வேன் எடுத்துக்கொண்டு போய், ஜன்னலை ஏற்றி, குல்லாயை இழுத்துவிட்டு, ‘என்ன குளிர்!’ என்போமே, அந்தப் பனி இல்லை. ஜன்னலே இல்லாத வண்டி. முகத்தில் ஊசி ஊசியாக அடிக்கும். ராத்திரி நிறுத்தினால் ரேடியேட்டர் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்தாக வேண்டும். மறந்தால் உறைந்து, பெருத்து, ரேடியேட்டரையே பிளந்துவிடும். காலையில் சுடுதண்ணீர் ஊற்றி, முன்னால் குனிந்து கிராங்கைச் சுற்ற வேண்டும். ஆயில் கெட்டித் தயிர் மாதிரி இறுகியிருக்கும். ஒருவர் சுற்றுவார், இன்னொருவர் திட்டுவார், இன்ஜின் யோசிக்கும். கிளம்பி ஒரு ஃபர்லாங் போனால் எதிரே ஆளுயரப் பனிக்குவியல். எல்லோரும் இறங்கி மண்வெட்டியால் வெட்ட வேண்டும். வெட்டின இடத்தில் பலகையைப் போட்டு வண்டியை ஏற்றி, பின்னாலிருக்கும் பலகையை எடுத்து முன்னால் போட்டு, மறுபடி ஏற்றி... பலகையிலேயே ஊர் ஊராகப் போனார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அதற்கும் மசியாவிட்டால் பக்கத்துப் பண்ணைக்காரர் குதிரைகளோடு வருவார். சும்மா வரமாட்டார். காரைக் குதிரை இழுப்பதைப் பார்க்கிற சந்தோஷம் இலவசம், இழுப்பதற்குக் கூலி தனி.

தாமஸ் ஃப்ளையர் சிகாகோ போய்ச் சேர 13 நாள் ஆயிற்று. இதற்குள் பனியைவிடப் பெரிய இடைஞ்சல் எதுவென்று எல்லா வண்டிக்கும் தெரிந்துவிட்டது: பக்கத்து சீட்.

டி டியோன் பனியில் புதைந்தது. பனி நிபுணர் ஹான்சன் இறங்கி என்னென்னவோ செய்தார். வண்டி அசையவில்லை. துருவத்துக்கே கப்பல் ஓட்டியவனுக்கு இந்தப் பனி தெரியவில்லையா என்கிற ரீதியில் சேன் ஷஃப்ரே ஏதோ சொல்ல, பேச்சு முற்றி, துப்பாக்கியோடு ஒண்டிக்கு ஒண்டி நின்று பார்த்துவிடுவது என்ற அளவுக்குப் போய்விட்டது. நடுப்பனியில், புதைந்த காருக்குப் பக்கத்தில். மூன்றாவது ஆள் நடுவே விழுந்து விலக்கியதால் வரலாறு ஒரு நல்ல காட்சியை இழந்தது. ஹான்சனைச் சீட்டுக் கிழித்து அனுப்பினார்கள். அவர் நேராகப் போய் எதிரி வண்டியான தாமஸில் ஏறிக்கொண்டார். கூட்டுக் குடும்பத்தில் கோபித்துக்கொண்டு புறப்பட்டவர் பங்காளி வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்வாரே, அதே சாமர்த்தியம்.

புரோட்டோஸ் கதையும் அதுதான். சிகாகோவில் இரண்டு இன்ஜினியர்களும் லெப்டினன்ட் கோப்பனோடு மனஸ்தாபப்பட்டு, ‘நீயும் உன் பாரிசும்’ என்று ஊருக்குத் திரும்பினார்கள்.

சிகாகோவுக்கு மேற்கே பனி உருகிச் சேறாயிற்று. அயோவா மண் நம் கரிசல் மண்ணுக்குச் சித்தப்பா பிள்ளை, ஒட்டினால் விடாது. பகலில் சக்கரம் சேற்றில் சுற்றும். ராத்திரி அந்தச் சேறே சக்கரத்தோடு கல்லாக இறுகிவிடும். காலையில் அதைக் கொத்தி எடுத்தால்தான் நகரலாம். அயோவாவில் கோடாரின் கெட்டிக்காரத்தனம் விழித்துக்கொண்டது. மோட்டோப்ளாக்கைப் பேசாமல் ரயிலில் ஏற்றினார். பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வயோமிங்கில் ரோடு என்ற பாவனையும் தீர்ந்துபோனது. தாமஸ் ஃப்ளையர் தண்டவாளத்தில் ஏறியது. யூனியன் பசிஃபிக் ரயில்வே அனுமதி கொடுத்திருந்தது. ஒரு பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு உள்ளே, மறு பக்கம் வெளியே. ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையிலும் ஒரு குதி. மைலுக்கு எத்தனை கட்டை, எத்தனை மைல் என்று பெருக்கிப் பார்த்தால் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகெலும்பு நினைவுக்கு வரும். எங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லையே என்று மற்றவர்கள் புகார் எழுதினார்கள். அப்படிக் குதிப்பதற்கும் ஒரு பொறாமை! பின்னால் வந்த இத்தாலிக்காரர்களை ஓநாய்க் கூட்டம் சூழ்ந்ததாகவும், சுட்டு விரட்டியதாகவும் பேப்பரில் செய்தி வந்தது. வண்டியில் ஒரு நிருபர் இருந்தார் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பந்தய வீரர் ராபர்ட்ஸுக்கு வேறு ஜோலி இருந்தது. பாதி நாடு தாண்டியதும் விடைபெற்றுக்கொண்டார். அடுத்தடுத்து வேறு டிரைவர்கள் வந்து ஓட்டினார்கள். கைமாறாமல் இருந்தது ஸ்பேனர் மட்டும். நெவாடா பாலைவனத்தில் பல்சக்கரம் நொறுங்கியபோது டோனோபா என்ற சுரங்க ஊருக்குப் போய் ஸ்பேர் தேடிக் கொண்டுவந்து மாட்டியதும் ஷூஸ்டர்தான். மார்ச் 24 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ. 41 நாள், 8 மணி, 15 நிமிடம். குளிர்காலத்தில் அந்த நாட்டைக் காரில் கடந்த முதல் வண்டி அதுதான். மற்றவை எங்கோ பின்னால் சேறு கொத்திக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் வண்டிக்கு ஷூஸ்டரே தலைவர்.

விதிப்படி அடுத்தது அலாஸ்கா. விதியை நம்பி உண்மையிலேயே அலாஸ்கா போனவர் அவர் ஒருவர்தான். கப்பலில் வால்டெஸ் துறைமுகத்தில் இறங்கினார். ஊரே கூடி வரவேற்றது. ஷூஸ்டர் காரைக் கரையில் விட்டுவிட்டு, ஒரு குதிரைச் சறுக்குவண்டியை வாடகைக்கு எடுத்து, முன்னால் போய் வழியைப் பார்த்தார். இந்தப் பந்தயத்தில் ஒருவர் ‘வழி இருக்கிறதா’ என்று முதலில் போய்ப் பார்த்தது இந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து சொன்னார்: காரை நட்டு நட்டாகக் கழற்றி, நாய் வண்டிகளில் ஏற்றினால் கொண்டுபோகலாம்.

பாரிஸ் கமிட்டி யோசித்தது. பேரிங் நீரிணை கேன்சல். எல்லோரும் கப்பலில் விளாடிவாஸ்டாக் போங்கள், அங்கிருந்து ஓட்டுங்கள். மெனக்கெட்டு அலாஸ்கா போய் வந்ததற்காக தாமஸ் வண்டிக்கு 15 நாள் சலுகை. பழுதான வண்டியை ரயிலில் ஏற்றி சியாட்டிலுக்குக் கொண்டுபோனதற்காக புரோட்டோஸுக்கு 15 நாள் அபராதம். ஆகமொத்தம் இரண்டுக்கும் நடுவே 30 நாள். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பன் ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

ஷூஸ்டர் அலாஸ்காவில் வழி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் பசிஃபிக்கைத் தாண்டப் புறப்பட்டுவிட்டார்கள். அவர் ஜப்பான் வழியாக விரட்டிக்கொண்டு விளாடிவாஸ்டாக் போனால், அங்கே பெட்ரோல் இல்லை. சேன் ஷஃப்ரே ஊரிலுள்ள பெட்ரோலையெல்லாம் வாங்கிப் பதுக்கியிருந்தார். அவருடைய டி டியோனைக் கம்பெனி முதலாளியே பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார். கார் போய்விட்டது, பெட்ரோல் மிச்சம். எந்த வண்டி எனக்கு பாரிஸ் வரை சீட் தருகிறதோ அந்த வண்டிக்குப் பெட்ரோல் என்று டெண்டர் விட்டார். படகெல்லாம் மூழ்கினாலும் மனிதர் மூழ்கமாட்டார். ஷூஸ்டர் வேறு இடத்தில் பெட்ரோல் தேடிக்கொண்டார்.

சைபீரியா என்றதும் பனி என்று நினைப்போம். மே கடைசியில் அது ஒரே சேறு. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே புரோட்டோஸ் சேற்றில் அச்சு வரை இறங்கிக் கிடந்தது. பின்னால் வந்த தாமஸ்காரர்கள் பேசாமல் ஒதுங்கிப் போயிருக்கலாம். போட்டி வண்டி, அதுவும் முன்னால் போன வண்டி. ஷூஸ்டர் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டார். கோப்பன் உணர்ச்சிவசப்பட்டு வண்டிக்குள்ளிருந்து ஷாம்பெயின் பாட்டிலை எடுத்தார். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, இரண்டு நாட்டுக்காரர்களும் குடித்தார்கள். அத்தனை மாதத்தில் ஸ்பேர் நட்டுக்கே இடம் போதாத வண்டியில் ஷாம்பெயின் பாட்டில் உடையாமல் எப்படி வந்தது என்று ஷூஸ்டர் கட்டாயம் யோசித்திருப்பார்.

உபகாரம் செய்தவனுக்கு உடனே கிடைத்தது பல்சக்கரக் கோளாறு. மறுபடி தண்டவாளம், மறுபடி கட்டை, மறுபடி முதுகு. ஸ்பேர் வரக் காத்திருப்பதும், தானே தட்டி நிமிர்த்துவதுமாக நாள் போக, புரோட்டோஸ் முந்திக்கொண்டு ஓடிவிட்டது. ஜூலை 26 அன்று கோப்பன் பாரிசில் நுழைந்தார். தாமஸ் ஃப்ளையர் நுழைந்தது ஜூலை 30 மாலை. நாலு நாள் பின்னால். 30 நாளில் நாலைக் கழித்தால் 26. அமெரிக்க வண்டி 26 நாள் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அப்படித்தான் கணக்கு. ஆனால் பாரிஸ் வாசலில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஹெட்லைட் எரியவில்லை.

169 நாள்; கப்பலும் சேர்த்தால் சுமார் 22,000 மைல். பனி, சேறு, தண்டவாளம், ஷாம்பெயின் எல்லாவற்றையும் தாண்டி வந்த மனிதரிடம், விளக்கில்லாமல் ஊருக்குள் விட மாட்டேன் என்கிறார் கான்ஸ்டபிள். உலகத்தின் எந்த ஊரானாலும் இந்த உத்தியோகத்துக்கு ஒரே முகம்தான். கூட்டம் கூடிவிட்டது. ஒரு சைக்கிள்காரர் பெரிய மனதோடு, என் சைக்கிள் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விளக்கு கழன்று வரவில்லை. நட்டிலிருந்து பல்சக்கரம் வரை கழற்றிப் பார்த்த ஆட்களுக்கு ஒரு சைக்கிள் விளக்கைக் கழற்ற முடியவில்லை! கடைசியில் சைக்கிளையே தூக்கிக் காரில் வைத்துக்கொண்டார்கள். சட்டம் திருப்தியடைந்தது. உலகம் சுற்றி வந்த கார், முன்னால் ஒரு சைக்கிளைச் சுமந்துகொண்டு வெற்றி ஊர்வலம் போயிற்று.

இத்தாலிக்காரர்கள் செப்டம்பரில் வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்குத் தந்தி போயிருக்கும்.

ஷூஸ்டர் ஊர் திரும்பியதும் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கூப்பிட்டுக் கை கொடுத்தார். கம்பெனி அவருக்கு ஆயுள் பூராவும் வேலை உண்டு என்று வாக்களித்தது. கம்பெனியின் ஆயுள் அதற்குள் முடிந்துவிட்டது. நாலைந்து வருடத்தில் திவாலாகி, ஜெயித்த காரும் சாமான்களோடு சாமானாக ஏலத்துக்குப் போயிற்று. பல கை மாறி, 1964இல் நெவாடா மாநிலத்து ரீனோவில் கார் சேர்க்கும் ஒரு பணக்காரரிடம் வந்தது. இது அதே கார்தானா என்று சந்தேகம். 91 வயது ஷூஸ்டரைக் கூட்டி வந்து காட்டினார்கள். பெயின்ட்டைப் பார்த்து அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெக்கானிக்குகள் பிரிக்க ஆரம்பித்தார்கள். உள்ளே சட்டத்தில் பழைய விரிசல்களும், அவற்றின்மேல் ஒட்டுப்போட்ட வேலையும் வெளியே வந்தன. கிழவர் குனிந்து பார்த்தார். அதெல்லாம் அவர் கைவேலை.

ஜெயித்தவருக்கு என்று 1908இல் பேசிய 1,000 டாலர் பாக்கி இருந்தது. 1968இல் நியூயார்க் டைம்ஸ் அதை ஷூஸ்டர் கையில் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 95. வட்டி சேர்க்கவில்லை.